போர்க்காலத்தில் உளவு பார்த்த முன்னோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பாட்டி போர்க்காலத்தில் உளவு பார்த்தாராம்", "கொள்ளுத்தாத்தாவுக்கு ஏதோ ரகசிய வேலை இருந்ததாம்" என்று சில குடும்பங்களில் அரைகுறையாக ஒரு பேச்சு உலவும். அதைத் துருவிப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். படையில் சேராமல், சீருடை அணியாமல், தம் அன்றாட வேலையைச் செய்துகொண்டே உளவு பார்த்தவர்களைப் பற்றியே பேசுகிறேன். இப்படிப்பட்டவர்களை உளவுத் துறையின் கோப்பில் தேடுவதைவிட, அவர்கள் செய்த தொழிலிலும் எதிரி எழுதிவைத்த தாள்களிலும் தேடினால்தான் அதிகம் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

சாதாரணக் குடிமக்களில் யாரை உளவாளி என்று சொல்வது?

1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 29ஆவது பிரிவு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. மறைவாகவோ பொய்க்காரணம் சொல்லியோ, போர் நடவடிக்கை நடக்கும் பகுதியில் தகவல் திரட்ட வேண்டும். அதை எதிர்த்தரப்புக்குச் சேர்க்கும் எண்ணமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் உளவு.

குடும்பக் கதைகளில் இந்த எல்லை கரைந்துபோகிறது. தப்பிவந்த சிப்பாய்க்குச் சோறு போட்டவர், துண்டறிக்கை கொடுத்தவர், எல்லை தாண்ட வழிகாட்டியவர் எல்லோரும் மூன்றாம் தலைமுறையில் "உளவாளி" ஆகிவிடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் செவிலியராக இருந்த எடித் கேவல் 1915 அக்டோபர் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை இன்றும் பலர் உளவாளி என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஜெர்மானிய ராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது, நேச நாட்டுப் படைவீரர்கள் தப்பிச் செல்ல உதவினார் என்பதற்காக. உங்கள் முன்னோர் செய்தது இதில் எது என்று முதலில் பிரித்துப் பார்ப்பது நல்லது. தேட வேண்டிய கோப்பே அதைப் பொறுத்து மாறிவிடும்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? படைவீரருக்கும் குடிமகனுக்கும் வேறுபாடு உண்டா?

உண்டு, அது கொடுமையான வேறுபாடு. உளவு பார்த்துவிட்டுத் தன் படைக்குத் திரும்பிய வீரர் பிற்பாடு பிடிபட்டால் அவர் போர்க்கைதி. பழைய உளவுக்காக அவரைத் தண்டிக்க முடியாது என்கிறது 31ஆவது பிரிவு. குடிமகனுக்குத் திரும்பிப் போகப் படை ஏது? அவர் வேலை முடிந்து அதே வீட்டுக்கு, அதே ஆக்கிரமிப்புக்குள்தான் திரும்ப வேண்டும். விசாரணையில்லாமல் தண்டிக்கக் கூடாது என்ற 30ஆவது பிரிவு ஒன்றுதான் அவருக்கு இருந்த காப்பு. அதுவும் எல்லா இடத்திலும் மதிக்கப்படவில்லை.

பெல்ஜியத்தின் கேப்ரியல் பெட்டி 1916 ஏப்ரல் 1 அன்று சுடப்பட்டபோது அவருக்கு வயது 23. வடக்கு பிரான்ஸில் பெரியதோர் உளவு வலையை நடத்திய லூயிஸ் தெ பெத்தின்யீக்கு மரண தண்டனை விதித்துப் பிறகு குறைத்தார்கள். ஆனாலும் அவர் சிறையிலிருந்து உயிரோடு மீளவில்லை. போர் முடிய ஆறு வாரங்கள் இருக்கையில், 1918 செப்டம்பர் 27 அன்று, கொலோனில் இறந்தார்.

இந்தப் பாதுகாப்பின்மையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பெல்ஜியத்தின் 'லா தாம் பிளான்ஷ்' வலையினர். முதல் உலகப் போரில் லியேஜ் நகரில் வால்தேர் தெவே என்ற பொறியாளரும் நண்பர்களும் இதைக் கட்டினார்கள். முன்பே உளவு வலை நடத்திய அவருடைய உறவினர் தியூதொனே லம்ப்ரெக்ட் 1916இல் கொல்லப்பட்டிருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த இந்த வலை பிரிட்டிஷ் உளவுத் துறைக்குத் தகவல் கொடுத்தது. அவர்கள் பிரிட்டனிடம் முன்வைத்த முதன்மையான கோரிக்கை, தங்களைப் படைவீரர்களாக ஏற்க வேண்டும் என்பது. உறுதிமொழி எடுத்தார்கள், படைப்பிரிவுகளாகப் பிரிந்துகொண்டார்கள். "கூலிக்கு ஒற்று வேலை பார்த்தவர்கள்" என்று தங்களை யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற தவிப்பை அதில் காண்கிறேன். தெவே இரண்டாம் உலகப் போரிலும் 'கிளாரன்ஸ்' என்ற வலையை நடத்தி, 1944 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர்கள் அன்றாடம் என்னதான் செய்தார்கள்?

பெரும்பாலும் எண்ணினார்கள். ரயில் பெட்டிகள், படகுகள், குதிரைகள், தோளில் எந்தப் படைப்பிரிவின் எண் இருந்தது என்பது.

முதல் உலகப் போரில் ஒரு படைப்பிரிவு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மாற வேண்டுமானால் ரயிலில்தான் போக வேண்டும். எனவே தண்டவாளம் தெரியும் ஒரு சன்னல் இருந்தால் போதும், அங்கே ஓர் உளவு நிலையம் அமைந்துவிடும். பிரான்ஸின் ஃபூர்மி அருகே இருந்த ஒரு வீட்டிலிருந்து, முன்னாள் ரயில் ஊழியர் ஒருவரின் குடும்பம் 1917 செப்டம்பர் முதல் ஒரு முக்கியமான பாதையைக் கண்காணித்தது. பகலில் மகள்கள் இருவரும் பார்த்தார்கள், இரவில் பெற்றோர். படைவீரர் பெட்டிக்கு அவரை விதை, குதிரைப் பெட்டிக்குச் சிக்கரி, பீரங்கிப் பெட்டிக்குக் காப்பிக்கொட்டை என்று எடுத்துவைத்துக் கணக்கு வைத்தார்கள். சோதனைக்கு யாராவது வந்தால் அவர்கள் கண்ணில் படுவது சமையலறைச் சாமான் மட்டுமே. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் பட்ட களைப்புதான் என் நினைவில் நிற்கிறது. ஓட்டமும் துப்பாக்கியும் இல்லை. மாதக்கணக்கில் தூங்காமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

அமெரிக்க விடுதலைப் போரின் 'கல்பர்' வலையும் இப்படித்தான். பிரிட்டிஷார் கையில் இருந்த நியூயார்க்கில் ராபர்ட் டவுன்செண்ட் வணிகர். ஆபிரகாம் உட்ஹல் செட்டாக்கெட்டில் விவசாயி. ஆஸ்டின் ரோ சத்திரம் நடத்தியவர். கேலப் ப்ரூஸ்டர் படகோட்டி. சரக்கு வாங்க நகரத்துக்குப் போகும் சத்திரக்காரரை யார் சந்தேகிப்பார்கள்? அவர் கொண்டுவந்த செய்தி உட்ஹலிடம் போகும். ப்ரூஸ்டர் அதைப் படகில் கனெக்டிகட் கரைக்குக் கடத்துவார். அங்கிருந்து பெஞ்சமின் டால்மேஜ் வழியாக ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் போகும். கடிதங்கள் ரகசிய மையில் இருந்தன. அந்த மையைத் தயாரித்தவர் ஜேம்ஸ் ஜே என்ற மருத்துவர். பெயர்களுக்கும் சொற்களுக்கும் பதிலாக 763 எண்கள் கொண்ட ஒரு சங்கேத அகராதி இருந்தது. அதில் வாஷிங்டன் 711.

இரண்டாம் உலகப் போரில் பாரிஸில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த ழானி ரூசோ, தொழில் பேச்சுக்காகச் சந்தித்த ஜெர்மானிய அதிகாரிகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். புதிய ராக்கெட்டுகளைப் பற்றி அவர்கள் பெருமையடிக்கும்போது "நம்பவே முடியவில்லையே" என்று சீண்டுவார். அவர்களும் நிரூபிப்பதற்காக மேலும் சொல்வார்கள். பேனமுண்டேவில் நடந்த ராக்கெட் சோதனைகள் பற்றிய அவருடைய 1943 அறிக்கை லண்டன் வரை போனது. 1944இல் பிடிபட்டு ராவன்ஸ்புரூக் உட்பட வதைமுகாம்களில் கிடந்து உயிர் பிழைத்தார்.

ஆக, உங்கள் முன்னோரின் தொழில் என்ன, அது அவரை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனது, யாரோடெல்லாம் பேசவைத்தது என்பதைக் கேளுங்கள். அந்த இடங்களில்தான் தடயம் இருக்கும்.

போர் முடிந்த பிறகும் அவர் ஏன் வாய் திறக்கவில்லை?

ஒரே காரணம் எல்லோருக்கும் பொருந்தாது. பிரிட்டனில் அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் கையெழுத்திட்டவர்கள் சட்டப்படியே பேசக் கூடாது. வேறு பலருக்கு அக்கம்பக்கத்துப் பயம். நல்ல உளவாளியாக இருக்க வேண்டுமானால் எதிரிக்கு நண்பராகத் தோன்ற வேண்டும். அந்தத் தோற்றம் போருக்குப் பிறகும் ஊரார் மனதை விட்டுப் போகாது. டவுன்செண்ட் பிரிட்டிஷ் அதிகாரிகளோடு வியாபாரம் செய்தார், அரசருக்கு ஆதரவான செய்தித்தாளில் எழுதினார், அவருடைய தந்தையின் வீட்டிலேயே ஒரு பிரிட்டிஷ் தளபதி தங்கியிருந்தார். "அதெல்லாம் வேஷம்" என்று யாரிடம் போய்ச் சொல்வது? 1838இல் இறக்கும் வரை அவர் சொல்லவே இல்லை. சுமார் 90 ஆண்டுகள் கழித்து, குடும்பத்தில் கிடைத்த பழைய கடிதங்களின் கையெழுத்தை உளவுக் கடிதங்களோடு ஒப்பிட்டபோதுதான் 'இளைய கல்பர்' என்ற புனைபெயரில் எழுதியவர் அவரே என்று தெரிந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பின் தலைநகரான ரிச்மண்டில் இருந்தபடி வடக்குத் தரப்புக்கு உளவு பார்த்த எலிசபெத் வான் லூ, போர் முடிந்ததும் தன் அறிக்கைகளைப் போர்த் துறையிடமிருந்து திரும்பக் கேட்டு வாங்கி அழித்துவிட்டார். அதே ஊரில் வாழ்ந்தாக வேண்டுமே. ஊரார் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வதை பட்டவர்கள் வேறு விதம். ஆக்கிரமிப்பு பிரான்ஸில் ரகசிய வானொலி இயக்கி, ராவன்ஸ்புரூக் முகாமிலிருந்து மீண்ட ஐலீன் நேர்ன், 2010இல் இங்கிலாந்தின் டார்க்கியில் தனியாக இறந்தார். வீட்டைச் சோதித்தபோது பதக்கங்கள் கிடைத்தன. அதன் பிறகே அக்கம்பக்கத்தாருக்கு அவர் யார் என்று தெரிந்தது. மௌனத்தைக் குற்றவுணர்ச்சியாகவோ மறைக்க ஏதோ இருந்ததாகவோ படித்துவிடாதீர்கள்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

ரகசியத்தை விட்டுவிட்டு வெளிப்படையானதில் தொடங்குங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, போர்க்காலத்தில் இருந்த முகவரிகள், தொழில், கைதானாரா, எப்போது, யாரால். இவை கைவசம் இல்லாமல் எந்த ஆவணக் காப்பகத்துக்கு எழுதினாலும் பயனில்லை.

கைதாகியிருந்தால் கைது செய்தவர் வைத்த பதிவே பெரும்பாலும் முழுமையானது. விசாரணைக் குறிப்பு, தீர்ப்பு, சிறைப் பேரேடு எல்லாம் எதிரி எழுதியவை. நாஜிச் சிறைகளிலும் முகாம்களிலும் இருந்தவர்களுக்கு ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள், சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய தகவல் அங்கே இருக்கிறது, பெரும்பகுதி இணையத்தில் இலவசம்.

பிரான்ஸில் வின்சென் கோட்டையில் உள்ள ராணுவ வரலாற்றுத் துறை, எதிர்ப்பியக்கத்தினரின் தனிநபர் கோப்புகள் ஏறத்தாழ 6 லட்சத்தை ஜி.ஆர். 16 பி (GR 16 P) என்ற வரிசையில் வைத்திருக்கிறது. பிரிட்டனில், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்.எஸ். 9 என்பது, இரண்டாம் உலகப் போரில் எதிரி மண்ணுக்கு ரகசிய முகவர்களை அனுப்பிய சிறப்பு நடவடிக்கைப் பிரிவின் (SOE) ஆள்கோப்புகள். பிறந்து 100 ஆண்டு ஆகாதவர் கோப்பைத் திறக்க இறப்புச் சான்று காட்ட வேண்டும். உள்நாட்டு உளவுத் துறையான எம்.ஐ.5 விடுவித்த கோப்புகள் கே.வி. வரிசையில் உள்ளன. வெளிநாட்டு உளவுத் துறையான எம்.ஐ.6 தன் கோப்புகளைக் கொடுப்பதில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸின் சுமார் 24,000 பேரின் கோப்புகள் 2008இல் திறக்கப்பட்டன.

தென்கிழக்காசியாவிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேட முடியுமா?

முடியும். 1942இல் இந்திய சுதந்திர லீக் சார்பில் பினாங்கில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் சிலர் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு வந்தார்கள். மலபார் கரையில் தானூர் அருகே இறங்கியவர்களும் உண்டு. சீக்கிரமே பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதரும் தோழர்கள் மூவரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பிரிட்டிஷ் அரசின் பார்வையில் அவர்கள் எதிரியின் ஒற்றர்கள். நம் பார்வையில் விடுதலைப் போராளிகள். கோப்புகளை வைத்திருப்பது முன்னவர்கள் என்பதால், தேடும்போது "எதிரி முகவர்" என்ற தலைப்புகளின் கீழ்தான் தேட வேண்டும், மனம் ஒப்பாவிட்டாலும். டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகளையும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் பாருங்கள். முந்தையவற்றில் பல 'அபிலேக் படல்' தளத்தில் கிடைக்கின்றன.

பிரெஞ்சுக் கோப்பில் பி0, பி1, பி2 என்று இருக்கிறதே, அது என்ன?

பி0 எப்போதாவது உதவியவர். பி1 தன் வழக்கமான தொழிலை விடாமல் தொடர்ந்து வலைக்காக உழைத்தவர். பி2 முழுநேர முகவர். பி1 என்பதைச் சிறுமையாக எண்ண வேண்டாம். அந்தத் தொழிலே அவருடைய மறைப்பு, பிடிபட்டால் குடும்பம் மொத்தமும் அகப்பட்டுக்கொள்ளும்.

கோப்பில் பெயரே இல்லை. அப்படியானால் கதை பொய்யா?

பொய் என்று சொல்லிவிட முடியாது. உண்மை என்றும் சாதிக்க முடியாது. பிரிட்டிஷ் சிறப்பு நடவடிக்கைப் பிரிவின் ஆவணங்களில் மிகப் பெரும் பகுதி போருக்குப் பின் அழிந்தது, தீவிபத்தும் அதில் சேர்த்தி. நல்ல வலையில் ஒவ்வொருவருக்கும் தனக்கு மேலே ஒருவரை, கீழே ஒருவரைத்தான் தெரியும், அதுவும் புனைபெயரில். லா தாம் பிளான்ஷ் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், போருக்குப் பின் அங்கீகாரம் கேட்பதற்காக அவர்களே பட்டியலும் அறிக்கையும் தயாரித்தார்கள் என்பதுதான். அப்படிக் கேட்காதவர்கள் காணாமல் போனார்கள். பெண்கள் செய்த வேலை கணவர் பெயரிலோ தந்தை பெயரிலோ பதிவானதும் உண்டு, ஆகவே வீட்டில் எல்லோருடைய பெயரிலும் தேடிப் பாருங்கள்.

மறுபக்கம், வெற்றிடத்தை ஆசையால் நிரப்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கல்பர் அகராதியில் 355 என்ற எண்ணுக்குப் பொருள் 'பெண்மணி'. 1779இல் உட்ஹல் ஒரு கடிதத்தில், தனக்குத் தெரிந்த ஒரு 355இன் உதவியோடு என்று எழுதினார். அவ்வளவுதான் சான்று. இந்த ஒரு வரியிலிருந்து 355 என்ற பெயருள்ள உளவு நாயகியே பிறந்து, காதல், சிறை, குழந்தை எல்லாம் அவருக்குச் சேர்ந்துவிட்டன. உங்கள் குடும்பக் கதையில் எந்த வரிக்குச் சான்று இருக்கிறது, எது பின்னால் ஒட்டியது என்று பென்சிலால் கோடு போட்டுப் பிரியுங்கள். கதையை முதலில் சொன்னவர் யார், அவர் கண்ணால் பார்த்தாரா, அப்போது எத்தனை வயது என்பவை பெரிதும் உதவும்.

பணம் வாங்கியிருந்தால் கூலி உளவாளிதானே?

இந்தக் கேள்வியில் இருக்கும் இளக்காரத்தை நான் ஏற்கவில்லை. பயணத்துக்கும் தங்குவதற்கும் செலவு இருக்கிறது. உட்ஹல் செலவுக் கணக்கு எழுதி அனுப்பினார். அந்தக் கணக்குகள் இன்று நமக்குச் சான்று.

பணத்தைவிடப் பெரியதற்காக உழைத்தவர்களும் இருந்தார்கள். வர்ஜீனியாவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஜேம்ஸ் என்பவர் 1781இல், அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கத் தரப்பில் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் பொருட்டு பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் பாசறைக்குள் வேலையாளாகப் புகுந்து தகவல் கொடுத்தார். போரில் வெற்றி கிடைத்தது, ஆனால் படைவீரர்களாகப் போரிட்ட அடிமைகளை விடுவித்த சட்டம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் படைவீரர் அல்லவே! லஃபாயெத் 1784இல் எழுதிக்கொடுத்த சான்றிதழோடு மனுப் போட்டு, 1787இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. பிறகு ஜேம்ஸ் லஃபாயெத் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆண்டுக்கு 40 டாலர் ஓய்வூதியம் கிடைத்தபோது 1819 ஆகிவிட்டது. வெற்றிக்கு உதவிய ஒரு மனிதரை அத்தனை ஆண்டுகள் அடிமையாகவே வைத்திருந்ததை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

வாரிசுகள் இப்போது பாக்கிச் சம்பளம் கேட்கலாமா?

அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். மாதம் 200 டாலருக்கு லிங்கனோடு ஒப்பந்தம் செய்து தெற்கே உளவு பார்த்ததாகச் சொன்ன வில்லியம் லாய்டுக்குச் செலவுத் தொகை மட்டுமே கிடைத்தது. அவர் இறந்தபின் சொத்துப் பொறுப்பாளர் டாட்டன் வழக்குப் போட்டார். ரகசிய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் விவாதிப்பதே ரகசியத்தை உடைப்பதாகும் என்று சொல்லி, 1870களின் நடுவில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அவர் எதிர்த்தரப்புக்கு வேலை பார்த்தவர் என்று தெரியவந்தால்?

அதையும் எழுதிவையுங்கள். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஸ்பெயின்காரரான ஹுவான் புஜோல் ஜெர்மானியருக்கு உளவாளி போல நடித்து, இல்லாத 27 துணை உளவாளிகளைக் கற்பனையில் படைத்து, பிரிட்டனுக்காக உழைத்தார். பிரிட்டிஷ் விருது, ஜெர்மானிய இரும்புச் சிலுவை இரண்டும் பெற்றார். ஜெர்மானியக் கோப்பை மட்டும் பார்த்தால் அவர் ஹிட்லரின் விசுவாசி.

அதே சமயம், அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. நெதர்லாந்தில் நாஜிகளோடு ஒத்துழைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டு விசாரிக்கப்பட்ட சுமார் 4,25,000 பேரின் பெயர்ப்பட்டியல் 2025 ஜனவரியில் இணையத்தில் வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் கலங்கின. பட்டியலில் பெயர் இருப்பது விசாரணை நடந்ததைத்தான் காட்டும். பலர்மேல் வழக்கே நடக்கவில்லை.

அவர் இன்னும் இருக்கிறார், வயது நூறை நெருங்குகிறது. எப்படிக் கேட்பது?

"நீங்கள் உளவாளியா?" என்று கேட்காதீர்கள். வேலைக்கு எந்த வழியாகப் போவீர்கள், சோதனைச் சாவடி எங்கே இருந்தது, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், அப்போது யார் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்று கேளுங்கள். சிறிது சிறிதாக, பல நாட்களில். சொல்ல விரும்பாததை விட்டுவிடுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் அவர் சம்மதத்தோடு மட்டும்.

கண்டுபிடித்ததை வெளியிடலாமா?

உங்கள் முன்னோரைப் பற்றியதை வெளியிடலாம். ஆனால் அதே கோப்பில் மற்றவர்களும் இருப்பார்கள். விசாரணைக் குறிப்பில் "இன்னார் எங்களைக் காட்டிக்கொடுத்தார்" என்று ஒரு வரி இருந்தால், அது எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று யோசியுங்கள். அடிக்கு நடுவே, தூக்கமில்லாத ஐந்தாம் நாளில், ஏற்கெனவே இறந்துபோன ஒருவர்மேல் பழியைப் போட்டு உயிரோடு இருப்பவரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாக அது இருக்கலாம். விசாரித்த அதிகாரியே எழுதிச் சேர்த்ததாகவும் இருக்கலாம். தனியாக நிற்கும் இரண்டாவது சான்று கிடைக்காமல் அந்தப் பெயரை அச்சிடவே கூடாது என்பேன். அந்தப் பெயருக்குரியவரின் பேரப்பிள்ளைகளும் உங்களைப் போலவே தேடிக்கொண்டிருப்பார்கள்.

குடும்ப மரத்தில் எப்படிப் பதிவது?

போர்க்காலத் தொழிலைத் தொழில் என்ற இடத்திலேயே எழுதுங்கள்: வணிகர், மொழிபெயர்ப்பாளர், ரயில் ஊழியர். உளவு வேலையைத் தனிக் குறிப்பாக, வலையின் பெயர், காலம், கோப்பு எண்ணோடு சேருங்கள். சான்று இல்லாத பகுதிக்கு "குடும்பத்தில் சொல்லக் கேட்டது" என்று போட்டு, சொன்னவர் பெயரையும் எழுதிய ஆண்டையும் குறித்துவிடுங்கள். மூடியிருக்கும் கோப்பு எந்த ஆண்டு திறக்கும் என்று தெரிந்தால் அதையும் அங்கேயே எழுதிவைக்கலாம். நீங்கள் இல்லாவிட்டாலும் அடுத்தவர் போய்க் கேட்க வசதியாக இருக்கும்.